கதவைத் தட்டிய டாக்டர்!

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த அந்த இளம் டாக்டருக்கு, இமயமலைச் சாரலில் ஓர் ஆசிரமத்தில் புதுப்பெயர் கிடைத்தது: சுப்ரமணியம். பெயர் வைத்தவர் நீம் கரோலி பாபா. பெயரோடு ஒரு வேலையையும் கொடுத்தார். டெல்லிக்குப் போய் உலக சுகாதார நிறுவனத்தில் சேர வேண்டும். பெரியம்மையை ஒழிக்க வேண்டும்!

டாக்டரின் இயற்பெயர் லாரி ப்ரில்லியன்ட். 1944-ல் பிறந்தவர். மருத்துவம் முடித்த கையோடு லண்டனிலிருந்து பஸ்ஸிலேயே ஆசியாவுக்குக் கிளம்பிவந்த ஹிப்பி கூட்டத்தில் ஒருவர். நீண்ட முடியும் தாடியுமாக டெல்லி அலுவலகத்தில் போய் நின்றவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பாபா மறுபடியும் போகச் சொன்னார். போனார், திரும்பினார், மீண்டும் போனார். கடைசியில் அலுவலக உதவியாளர் வேலைதான் கிடைத்தது. அங்கிருந்துதான் களத்துக்கு நகர்ந்தார்.

ஊசியும் படமும்

20-ம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற நோய் பெரியம்மை. 1974-ல் இந்தியாவில் 1.8 லட்சம் பேருக்கு மேல் தாக்கியது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடிக்கணக்கான மக்கள் அத்தனை பேருக்கும் ஊசி போட்டு முடிப்பது நடக்காத காரியம். அதனால் உத்தி மாறியது. நோயாளி எங்கே இருக்கிறார் என்று முதலில் கண்டுபிடிப்பது. அவரைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் உடனே தடுப்பூசி போடுவது. கிருமி தொற்றிய மூன்று, நான்கு நாள்களுக்குள் ஊசி போட்டால்கூடப் பெரும்பாலும் நோய் வராது. ஒவ்வொரு நாளும் முக்கியம்.

கையில் இருந்த தொழில்நுட்பம் எளிமையானது. முனை இரண்டாகப் பிளந்த சிறு ஊசி. மருந்தில் தோய்த்தால் பிளவில் ஒரு துளி நிற்கும்; தோலில் பதினைந்து முறை குத்தினால் போதும். பழைய முறையைவிடப் பல மடங்கு பேருக்கு மருந்து காணும். இன்னொன்று, பெரியம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை. அதைக் காட்டி, 'இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?' என்று பணியாளர்கள் வீடு வீடாகக் கேட்டார்கள்.

சொல்லத்தான் பலர் தயங்கினார்கள். நம் ஊரில் அம்மை கண்டால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்பார்கள்; வடக்கே அவள் சீதளா தேவி. வீட்டுக்கு வந்த தெய்வத்தைக் காட்டிக்கொடுப்பதா? பக்குவமாகப் பேசிப் புரியவைக்க வேண்டியிருந்தது. தகவல் சொல்பவருக்குப் பரிசும் உண்டு. பிற்பாடு அது 1,000 ரூபாய் வரை உயர்ந்தது.

1974-ல் பல ஊர்களில் பரவிய நோயின் தடம், ஜாம்ஷெட்பூரின் டாடாநகர் ரயில் நிலையத்தில் போய் நின்றது. வேலைக்கு வந்தவர்கள் நோயோடு சொந்த ஊருக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். டாடா நிறுவனத்தின் உதவியை நாடினார் ப்ரில்லியன்ட். ஆட்கள் வந்தார்கள், வண்டிகள் வந்தன. பரவல் அடங்கியது.

1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹீமா பானு என்ற சிறுமிக்கு வந்ததுதான், ஆசியாவின் கடைசிப் பெரியம்மை. அந்தக் குழந்தையை ப்ரில்லியன்ட் நேரில் பார்த்தார். 1980-ல், உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

மதுரைக்கு ஒரு பாலம்

அடுத்தது கண்பார்வை. 1978-ல் மனைவி கிரிஜாவோடும் நண்பர்களோடும் 'சேவா' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் ஆரம்பம் முதல் துணை நின்றவர், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்த டாக்டர் கோ.வெங்கடசாமி. பின்னாளில் கண்புரை நோயாளிகளுக்கான லென்ஸை மதுரையிலேயே மலிவாகத் தயாரிக்க 'ஆரோலேப்' உருவானபோதும் சேவா கைகொடுத்தது.

இன்னொரு நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1974-ல் பாபாவைத் தேடி இந்தியா வந்தபோது பழக்கமானவர். அவர் வருவதற்குள் பாபா இறந்துவிட்டிருந்தார். சேவாவுக்கு ஆரம்பத்தில் நன்கொடை கொடுத்தவர்களில் ஜாப்ஸும் ஒருவர். ஓர் ஆப்பிள் கணிப்பொறியும் கொடுத்தார். நேபாளத்தில் நடந்த பார்வையிழப்புக் கணக்கெடுப்புக்கு அது உதவியது. அங்கே ஹெலிகாப்டர் பழுதானபோது, வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் கணிப்பொறி வழியாகவே பேசி அதைச் சரிசெய்ய வழிகண்டார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 1985-ல் ஸ்டூவர்ட் பிராண்டோடு சேர்ந்து 'தி வெல்' என்ற இணைய உரையாடல் தளத்தைத் தொடங்கினார். ஃபேஸ்புக் பிறப்பதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பு!

கூகுள் கற்ற பாடம்

2006-ல் கூகுளின் அறப்பணிப் பிரிவான கூகுள்.ஆர்க்குக்குத் தலைவரானார். நோயைச் சீக்கிரம் கண்டுபிடி, சீக்கிரம் களமிறங்கு என்பதே அவருடைய தாரக மந்திரம். அவருடைய காலத்தில், 2008-ல் வந்தது 'கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்'. காய்ச்சல் பற்றி மக்கள் என்ன தேடுகிறார்கள் என்பதை வைத்து, ஃப்ளூ எங்கே பரவுகிறது என்று கணிக்கும் முயற்சி. உலகமே வியந்தது.

ஆனால், 2009-ல் பன்றிக்காய்ச்சலின் முதல் அலையை அது குறைவாகக் கணித்தது. 2012-13 குளிர்காலத்தில், அமெரிக்காவில் இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஃப்ளூ இருப்பதாகக் காட்டியது. பயத்தில் தேடுபவருக்கும் உண்மையில் படுத்திருப்பவருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. 2015-ல் கணிப்பு வெளியிடுவது நின்றது.

ப்ரில்லியன்ட் அதற்கு முன்பே, 2009-ல், கூகுளைவிட்டு வெளியேறி, பெருந்தொற்று போன்ற ஆபத்துகளைத் தடுக்கும் ஸ்கோல் அமைப்பின் நிதியத்துக்குத் தலைமை ஏற்றிருந்தார். கொரோனா காலத்தில் பலரும் தேடிப் பார்த்த 'கன்டேஜியன்' (2011) படத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

பெரியம்மை ஒழிப்பைப் பற்றிப் பேசும்போது அவர் ஒரு கணக்கு சொல்வார். தேடுதல் பணியில் தட்டப்பட்ட கதவுகள் நூறு கோடிக்கும் மேல். தட்டியவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் யாருக்கும் தெரியாது.

டெங்கு சீஸனில் வாசலில் வந்து, 'தண்ணித் தொட்டியைப் பார்க்கணும்மா' என்று கேட்கிறாரே சுகாதாரப் பணியாளர், அவர் செய்வதும் அதே வேலைதான். அடுத்தமுறை அவர் வந்தால், சலித்துக்கொள்ளாமல் கதவைத் திறங்கள்!