காப்புநகலை மீட்டெடுத்தபின் கணினி தொடங்காமை

காப்புநகலை மீட்டெடுத்தபின் கணினி தொடங்காமை என்பது, வன்தட்டின் காப்புநகலிலிருந்து கோப்புகள் முறையாகத் திரும்ப எழுதப்பட்டும் இயங்குதளம் தொடங்காது நின்றுவிடும் நிலையாகும். பெரும்பாலும் இந்நிலையில் தரவுகள் அழிந்திருப்பதில்லை. அவற்றைச் சென்றடையும் தொடக்கச் சங்கிலியில் ஒரு கண்ணியே அறுபட்டிருக்கும். இதனை அறியாமல் வட்டை மீண்டும் வடிவமைப்பதாலேயே உண்மையான இழப்பு நேர்கிறது.

தொடக்கச் சங்கிலி

காரைக்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தே உள்ளே செல்ல இயலும். முகப்புக் கதவு திறக்காவிடில் உள்ளறைப் பொருட்களை எடுக்க முடியாது. எனினும் அவை அங்கேயே இருக்கும். கணினியின் தொடக்கமும் இத்தகையதே.

பழைய பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட்டுகளில் முதன்மைத் தொடக்கப் பதிவு அமைந்துள்ளது. இதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும், 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. புதிய யூஇஎஃப்ஐ முறையில் தொடக்க நிரல் தனியொரு சிறு பிரிவில் கோப்பாக உள்ளது. அதன் இருப்பிடம் தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதியப்படுகிறது.

காரணங்கள்

* ஒரு பிரிவை மட்டும் காப்புநகல் எடுத்திருத்தல். முதன்மைத் தொடக்கப் பதிவும் யூஇஎஃப்ஐ பிரிவும் அந்நகலில் அடங்கா.
* பயாஸ் முறையில் நிறுவிய இயங்குதளத்தை யூஇஎஃப்ஐ முறையில் தொடங்க முயலுதல், அல்லது இதன் மறுதலை.
* பிரிவின் அடையாள எண் மாறுதல். புதிதாக வடிவமைத்த பிரிவில் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அதற்குப் புதிய எண் அமையும். லினக்ஸ் பழைய எண்ணையே தேடி நிற்கும்.
* வேறு கணினியில் மீட்டெடுத்தல். புதிய வட்டுக் கட்டுப்படுத்திக்குரிய இயக்கி இல்லையெனில் விண்டோஸ் நீலத்திரையுடன் நின்றுவிடும்.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு

தமிழ்நாடு அரசு 2011 ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. இவ்வாறு இரு இயங்குதளங்கள் கொண்ட பயாஸ் முறைக் கணினியில், எதனைத் தொடங்குவது எனக் கேட்கும் கிரப் என்னும் தொடக்க நிரலின் பெரும்பகுதி லினக்ஸ் பிரிவிலேயே இருக்கும். இடம் போதவில்லையென லினக்ஸ் பிரிவை நீக்கினால், கிரப் தன் கோப்புகளைக் காணாது நின்றுவிடும். பழுதற்ற விண்டோஸும் தொடங்காது. மாறாக, விண்டோஸை மட்டும் மீண்டும் நிறுவினால் அது முதன்மைத் தொடக்கப் பதிவில் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸ் வட்டில் இருந்தும் பட்டியலில் தோன்றாது.

சரிசெய்யும் முறை

1. காப்புநகல் உள்ள வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். பழுதுபார்க்கையில் தவறுதலாக அதன்மேல் எழுதிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.
2. லினக்ஸ் நேரடி வட்டு அல்லது யுஎஸ்பி கொண்டு கணினியைத் தொடக்கி, கோப்புகள் உள்ளனவா எனக் காண வேண்டும். இருப்பின் பழுது தொடக்கச் சங்கிலியிலேயே உள்ளது.
3. பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையையும் தொடக்க முறையையும் சரிபார்க்க வேண்டும்.
4. தொடக்க நிரலை மீண்டும் நிறுவ வேண்டும். லினக்ஸில் கிரப்-இன்ஸ்டால் கட்டளையும், விண்டோஸ் நிறுவல் வட்டின் பழுதுநீக்கப் பகுதியில் பிசிடிபூட் கட்டளையும் இதற்கு உதவும்.
5. லினக்ஸில் எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள பழைய அடையாள எண்ணைப் புதியதாக மாற்றி, கிரப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்.

முன்னெச்சரிக்கை

இயங்குதளத்துடன் மீட்க விரும்புவோர் ஒரு பிரிவை மட்டுமன்றி முழு வட்டையும் படிமமாக எடுத்தல் நன்று. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவியைத் தனியே குறித்து வைத்தல் இன்றியமையாதது. காப்புநகலை வேறொரு வட்டில் ஒருமுறையேனும் மீட்டெடுத்து, அதிலிருந்து கணினி தொடங்குகிறதா எனச் சோதித்த பின்னரே அதனை நம்பத்தக்கதாகக் கொள்ளலாம்.