சக்கர நாற்காலியில் வசந்தவல்லி

ஆண்டு விழா நாடகத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கணீரென்ற குரலையும் துள்ளி ஆடும் கால்களையும்தான் தேடுகிறோம். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்குப் பார்வையாளர் வரிசையில் முதல் இடம் தருவோம், மேடையில் தருவதில்லை. தந்தாலும் பிறர் இரங்கும் பாத்திரமே மிஞ்சும்.

இதை மாற்றுவதே உள்ளடக்கிய நாடகம். மாற்றுத்திறன் கொண்டோரும் மற்றோரும் ஒரே குழுவாக நடிப்பார்கள். நடிகரை நாடகத்துக்கு ஏற்ப வளைக்காமல், நடிகருக்கு ஏற்ப நாடகத்தை அமைப்பார்கள். லண்டனில் 1980இல் தொடங்கிய கிரேயே நாடகக் குழுவின் நிறுவனர்களில் ஒருவரான நபில் ஷபான், சக்கர நாற்காலியில் இயங்கிய நடிகர். இலங்கையில் 2000இல் தொடங்கிய சுனேரா அறக்கட்டளை, மாற்றுத்திறன் கொண்ட இளையோருக்கு நாடக, நடனப் பட்டறைகளை நடத்தி வந்துள்ளது.

தென்காசி வட்டாரத்தில் பணியாற்றும் நமக்கு முன்மாதிரி அருகிலேயே இருக்கிறது. 1975இல் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சூழலை மாற்றினால் திறன் வெளிப்படும் என்பதற்கு அந்த வளாகமே சான்று.

நாடகத்துக்கும் வெளியூர் தேட வேண்டாம். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி இருக்கிறதே! எங்கள் பள்ளியில் அதன் மூன்று காட்சிகளை எடுத்துக்கொண்டோம். வசந்தவல்லியாக நடித்தவர் சக்கர நாற்காலியில் வரும் எட்டாம் வகுப்பு மாணவி. பந்தாடும் காட்சியில் தோழியர் வட்டமாக நின்று தாளத்துக்கேற்பப் பந்தை வீச, அவர் நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றிப் பிடித்தார். அந்தச் சுழற்சியே நடனமாயிற்று. குறி சொல்லும் காட்சிக்குக் கையும் முகமும் போதும். பேச்சுத் தெளிவில்லாத மாணவர் ஒருவர் சிங்கனாக வந்து, வலை விரித்துப் பறவை பிடிப்பதை முழுக்கச் சைகையிலேயே நடித்தார்.

தொடக்கத்தில் மாணவியின் தாய் தயங்கினார். “ஊரே பாத்துச் சிரிச்சா பிள்ளை தாங்குமா சார்?” என்று கேட்டார். நியாயமான அச்சம். அவரை ஒத்திகைக்கு அழைத்தோம். முடிவை மாணவியிடமே விட்டோம். வேண்டாமென்றால் எந்த நாளிலும் விலகலாம் என்றும் சொன்னோம். ஒத்திகையில் மகள் தோழியரை அதட்டித் தாளம் திருத்துவதைப் பார்த்த தாய், பாவாடை சக்கரத்தில் சிக்காதபடி தாமே தைத்துக் கொண்டுவந்தார்.

நீங்களும் செய்ய விரும்பினால் சில குறிப்புகள்:

முதலில் இடம். சாய்தளத்துக்கு 1:12 சரிவு வேண்டும். 2 அடி உயர மேடைக்கு 24 அடி நீளம் தேவை. அதற்கு வசதியில்லையெனில் தெருக்கூத்துப்போல் சமதரையில் நடத்துங்கள். குழந்தையை மேடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம்.

அடுத்து உடல்நலம். ஒத்திகையைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். எந்த அசைவு கூடாது என்பதை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேளுங்கள். கழிப்பறை வசதியை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்.

மற்ற மாணவர்களுக்கும் ஒரு விதி: கேட்காமல் யாரும் நாற்காலியைத் தள்ளக் கூடாது. அது நடிகரின் உடலில் ஒரு பகுதி.

கடைசியாக அறிவிப்பு. “குறையிருந்தும் நடிக்கிறார்” என்று ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். பாத்திரத்தின் பெயரும் நடிகரின் பெயரும் போதும்.

விளையாட்டிலும் பொழுதுபோக்குச் செயல்பாடுகளிலும் மாற்றுத்திறன் மாணவர்களுக்குச் சமவாய்ப்புத் தருவது பள்ளியின் கடமை என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. எனவே இது நாம் காட்டும் சலுகை அல்ல. அடுத்த கலைத் திருவிழாவுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும்போது, வருகைப் பதிவேட்டை ஒருமுறை முழுவதும் பாருங்கள். இதுவரை மேடையேறாத பெயரிலிருந்து தொடங்குங்கள்.