விமானம் கிளம்புமுன் விழும் கையெழுத்து

மீனம்பாக்கத்தில் பொழுது புலர்வதற்கு முன்னால் புறப்படும் முதல் விமானத்தில் ஜன்னலோரத்து ஆசனம் வாய்த்து, கைப்பேசியை மடியில் கவிழ்த்துவிட்டுச் சற்று வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒரு காட்சி தென்படும். பெட்டிகள் ஏறி, எரிபொருள் வண்டியும் விலகிப் போன பிறகு, விளக்கொளி பட்டுப் பளபளக்கும் மேற்சட்டை அணிந்த ஒருவர் கையில் டார்ச்சோடு சக்கரங்களையும் இயந்திரத்தின் வாயையும் இறக்கையின் விளிம்பையும் அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே விமானத்தைப் பிரதக்ஷிணம் வருவார். பிறகு விமானிகளின் அறைக்கு ஏறிச் சென்று, பார்த்ததையும் பழுது நீக்கியதையும் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்திடுவார். விமானத்தின் காப்டனும் அதைப் படித்துப் பார்த்துத் தம் கையெழுத்தை இட்ட பிறகுதான் விமானம் நகரும். அரை நிமிஷத்தில் முடிந்துபோகும் காரியம். அதை நம்பித்தான் அத்தனை பிரயாணிகளும் தங்கள் பிராணனை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

இந்தக் கையெழுத்தை இடுகிற உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், புது டெல்லியில் சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் போய் நிற்போம். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் என்பது அதன் முழுப் பெயர். பத்திரிகைகள் டிஜிசிஏ என்று சுருக்கி எழுதுகின்றன. அது விமானம் ஓட்டுவதுமில்லை, டிக்கெட் விற்பதுமில்லை. கோபுரத்திலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை விமான நிலைய ஆணையத்தினுடையது. பாதுகாப்புச் சோதனை முறைகளை வகுப்பதற்கு வேறொரு பணியகம் உண்டு. விபத்துகளை ஆராய்வதற்கும் 2012-இல் தனிப் பணியகம் ஏற்பட்டது. விதியை வகுத்து மேற்பார்வை செய்தவர்களே விபத்தையும் விசாரித்தால், தங்கள் குற்றத்தைத் தாங்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய தர்மசங்கடம் நேரும் அல்லவா? இவற்றையெல்லாம் கழித்துவிட்ட பிறகு இயக்குநரகத்திடம் எஞ்சி நிற்பது, விதியை வகுத்து மேற்பார்வை செய்வதும், இன்னார் இன்ன காரியத்துக்குத் தகுந்தவர் என்று எழுதிக் கொடுப்பதும், தகுதி குன்றியபோது எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வதுமே. கேட்பதற்கு எளிய அதிகாரமாகத் தோன்றினாலும், ஒரு தேசத்தின் ஆகாயம் முழுவதையும் கட்டியாளுவது அதுதான்.

1927-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் தோன்றிய இந்த இலாகாவுக்கு, 1934-ஆம் வருஷத்து விமானச் சட்டமும் 1937-ஆம் வருஷத்து விமான விதிகளும் நெடுங்காலம் ஆதாரமாக இருந்தன. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய சட்டம் பழைய சட்டத்தின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. இத்தனை பெரிய பொறுப்பைச் சுமந்த ஸ்தாபனத்துக்குச் சட்டத்திலேயே பெயர் சொல்லி ஓர் அந்தஸ்து கிடைத்தது 2020-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால்தான் என்பது எனக்கு வியப்பையும் சிறிது வருத்தத்தையும் தந்த செய்தி.

வர்த்தக விமானி ஆக விரும்புகிற இளைஞர் 18 வயது நிரம்பி, திசையறிதல், வானிலை, விமான விதிகள் முதலிய பரீக்ஷைகளில் தேறி, 200 மணி நேரம் பறந்து காட்டி, வைத்திய சோதனையிலும் குறையின்றி வெளிவர வேண்டும். பிற்காலத்தில் பெரிய விமானத்தின் தலைமை ஆசனத்தில் அமர வேறொரு லைசென்ஸ் வேண்டும். அதற்கு 1,500 மணி நேர அனுபவம் தேவை. பணிக்கு முந்திய 12 மணி நேரத்துக்குள் மதுவைத் தொடக் கூடாது. மூச்சுச் சோதனையில் முதல் முறை அகப்பட்டால் மூன்று மாதமும், மறுமுறை மூன்று வருஷமும் லைசென்ஸ் முடக்கப்படும். மூன்றாம் முறை அது ரத்தாகிவிடும். விமானியைப் போலவே விமானத்துக்கும், அதன் பழுது பார்க்கும் பொறியாளருக்கும், அதை நடத்தும் நிறுவனத்துக்கும், அது இறங்கும் ஓடுபாதைக்கும் தனித்தனி அனுமதிப் பத்திரங்கள் உண்டு. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விமானம் ஒரு பிரயாணியையும் ஏற்றிச் செல்ல முடியாது.

ஆனால் பத்திரம் கொடுத்த அதிகாரி, தினந்தோறும் எழுந்து இறங்கும் ஆயிரக்கணக்கான விமானங்களில் ஒவ்வொன்றின் அருகிலும் நின்றுகொண்டிருக்க முடியுமா? முடியாது. ஆகையால் நிறுவனங்கள் தங்களைத் தாங்களே கண்காணித்துக்கொண்டு கணக்கெழுதி வைக்க வேண்டும் என்பதும், பரிசோதகர்கள் முறை வைத்தும் முன்னறிவிப்பின்றியும் வந்து அந்தக் கணக்கு மெய்தானா என்று பார்க்க வேண்டும் என்பதும் இத்துறையின் ஏற்பாடாக இருந்து வருகிறது. நம்பிக்கையின் மேல் நடக்கும் இந்த ஏற்பாட்டில், நம்பப்படுகிறவருக்கும் நம்புகிறவருக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறைய அபாயம் கூடுகிறது. அமெரிக்காவில் அது நேர்ந்தது. அந்நாட்டின் விமானத் துறை ஆணையம் புதிய விமானங்களைச் சோதித்துச் சான்று அளிக்கும் வேலையில் பெரும்பகுதியை விமானம் செய்கிற நிறுவனத்தின் சிப்பந்திகளிடமே ஒப்படைத்திருந்தது. அப்படிச் சான்று பெற்ற போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் ஒன்று 2018 அக்டோபரில் இந்தோனேசியக் கடலிலும், மற்றொன்று 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்து 346 பேர் மாண்டார்கள். நமது இயக்குநரகம் அந்த ரகத்தைத் தரையில் நிறுத்த மார்ச் 12-ஆம் தேதி இரவு தீர்மானித்தது. சான்று கொடுத்த அமெரிக்கா மறுநாள்தான் நிறுத்தியது.

1944-இல் சிகாகோ நகரில் கூடிய 52 நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, குறைந்தபட்சத் தரங்களைக் காத்து ஒரு நாடு அளித்த சான்றையும் லைசென்ஸையும் மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்கின்றன. ஏற்பது போலவே சந்தேகிக்கவும் அவற்றுக்கு உரிமை உண்டு. 2014 ஜனவரியில் அமெரிக்க ஆணையம் நமது மேற்பார்வை போதாதென்று இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியபோது, முக்கியமான குறையாகச் சுட்டப்பட்டது தகுந்த பயிற்சி பெற்ற பரிசோதகர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பதே. நமது விமான நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாமல் நின்றன. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் 75 முழுநேரப் பரிசோதகர்களை நியமிக்க மந்திரிசபை இசைந்திருந்தது. இழந்த தரம் 2015 ஏப்ரலில் திரும்பி வந்தது.

இத்துறையில் விதி எவ்வாறு பிறக்கிறது என்பதை எனக்கு மறக்க முடியாமல் உணர்த்தியது மங்களூரு. 2010 மே 22-ஆம் தேதி காலையில், துபாயிலிருந்து வந்த விமானம், குன்றின் உச்சியைச் சமன்படுத்தி அமைத்த ஓடுபாதையின் பாதிக்கும் மேற்பட்ட தூரத்தைத் தாண்டியபின் தரையைத் தொட்டு, மறுமுனையில் நிற்காமல் பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. 166 பேரில் 8 பேர் பிழைத்தார்கள். கறுப்புப் பெட்டியின் ஒலிப்பதிவில் கேட்டது குறட்டைச் சத்தம். காப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக உறங்கியிருந்தார் என்றும், எழுந்தபின்னும் விலகாத மந்தம் அவருடைய தீர்மானத்தைக் குலைத்தது என்றும், இறங்காமல் மேலே போய்விடலாம் என்று துணை விமானி மூன்று தரம் சொல்லியும் அவர் செவிகொடுக்கவில்லை என்றும் விசாரணை மன்றம் கண்டது. பரீக்ஷைகளெல்லாம் தேறி, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த ஒருவருடைய லைசென்ஸ், அன்று அவர் கண்ணில் தூக்கம் இருந்ததா என்பதைச் சொல்லவில்லை.

அந்த விபத்துக்கு மறுவருஷம், 2011-இல், பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் வந்த விதிகளை இன்னும் இறுக்கி, 2024 ஜனவரியில் இயக்குநரகம் புதிய கட்டளை பிறப்பித்தது. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 ஆக வேண்டும். இரவுப் பணியில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைய வேண்டும். விடியற்காலை 5 மணியோடு முடிந்த இரவு 6 மணி வரை நீள வேண்டும். அதிகாலை நேரத்தில் கண்விழித்து வேலை செய்த எவருக்கும் இந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். ஜூன் மாதம் அமலாக வேண்டிய விதிகளை நிறுவனங்கள் எதிர்த்தன, தேதி தள்ளிப்போனது, விமானிகள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். கடைசியில் 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு தவணையில் அமல் செய்வதென முடிவாயிற்று. தவணை முடிந்த அடுத்த மாதமே, நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் போதிய விமானிகளைத் தயாராக வைத்துக்கொள்ளாததால் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாகி, விமான நிலையங்களில் ஜனங்கள் பெட்டியும் குழந்தையுமாகத் தவித்தபோது, இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளித்தது. தவித்த ஜனங்களின் கஷ்டம் மெய். அதைத் தீர்க்க வேறு வழி அன்று எளிதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஏறத்தாழ இரண்டு வருஷ அவகாசம் பெற்றவர் ஆயத்தமாகாமல் இருந்ததற்கு விலையாக விமானியின் தூக்கம் கொடுக்கப்பட்டதை என் மனம் ஏற்க மறுக்கிறது.

களைப்பைப் பற்றி விமானிகள் எழுதிக் கொடுக்கும் முறையீடுகளையும், அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையையும் நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெல்லிக்கு அனுப்ப வேண்டும் என்பது அதே கட்டளையில் உள்ள ஒரு ஷரத்து. அந்தக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, இந்த விமானி ஏன் இப்படி எழுதினார், இவருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்பதற்கு அங்கே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2025-ஆம் வருஷத்தில் இயக்குநரகத்துக்கு அனுமதிக்கப்பட்ட பதவிகளில் ஏறக்குறைய பாதி காலியாகக் கிடந்தன.