கல் வட்டம்: கல்லறையா, எருமைப் பட்டியா?

நீலகிரியின் புல்மேடுகளில் சாந்தில்லாமல் வட்டமாக அடுக்கிய கல்சுவர்கள் ஆங்காங்கே இடிந்து கிடக்கின்றன. வட்டம் என்றாலே பழங்கால ஈமச்சின்னம் என்று சொல்லிவிடுகிறோம். சில அப்படித்தான்; வேறு சில, இம்மலையின் ஆயர்குடியான தோடர்கள் எருமை அடைத்த பட்டிகள்.

இங்கிலாந்தில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொது நிலத்தைத் தனியுடைமையாக்க வயலுக்கு வயல் வேலியும் சுவரும் எழுந்தன. இந்த மலையில் அப்படி இல்லை; இங்குள்ள உழவர்களான படகர்கள் நிலத்தைத் தரிசு போட்டு மாற்றி மாற்றி உழுதவர்கள். கல்சுவரின் தேவை அதிகம் இருந்தது, புலி திரியும் காட்டோரம் இரவைக் கழித்த எருமைகளுக்குத்தான். 1603-இல் மலையேறி வந்த பாதிரியார் ஃபெனிசியோவின் குறிப்பிலேயே தோடரும் எருமையும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? முதலில் வாசலைத் தேடுங்கள். பட்டிக்கு வழி வேண்டும். அதைக் குறுக்குக் கட்டைகள் செருகி அடைப்பார்கள். அடுத்து இடம். மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, அருகே, சோலையும் நீரும் எட்டும் சரிவில் இருந்தால் பெரும்பாலும் பட்டி. மலைமுகட்டில் கிணற்றுச் சுவர்போல் நிற்பவை ஈமவட்டங்கள். அவற்றைத் தோண்டியபோது எருமை உருவம் வைத்த மூடிகளோடு மண்கலங்களும், வெண்கலக் கிண்ணங்களும், இரும்புக் கருவிகளும் கிடைத்தன. நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் இவற்றைத் திரட்டினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1873-இல், அவருடைய நூல் வெளிவந்தது. அவருக்கு முன் 1847-இல் எழுதிய ராணுவ அதிகாரி காங்கிரீவோ, தோடரைப் பழங்கால யூரேசியப் புல்வெளி நாடோடிகளான சித்தியரின் வழியினராக்கிவிட்டார். வட்டத்தைக் கண்டதும் ஐரோப்பாவுக்கு ஓடிய கற்பனை அது!

கண்ணுக்குப் பிடிபடாததை மண் சொல்லும். தலைமுறை தலைமுறையாகச் சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் பாஸ்பேட் மிகும். சுவர் சரிந்த பின்னும் அது நெடுங்காலம் தங்கும். உலகெங்கும் தொல்லியலாளர் பழைய தொழுவங்களை அறிய இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல். தோடரின் சாவுச் சடங்கிலும் பட்டி உண்டு. பட்டியின் வாசலில் மண்ணெடுத்து மும்முறை பட்டிக்குள்ளும், மும்முறை பிணத்தின் மீதும் இடும் வழக்கத்தை 1901–02-இல் இங்கு ஆய்ந்த மானிடவியலாளர் ரிவர்ஸ் பதிவு செய்திருக்கிறார். அதனால் பட்டியை வெறும் தொழுவம் என்று தள்ளிவிட முடியாது.

சீகை மரமும் தைலமரமும் நட்ட சரிவுகளில் இந்தச் சுவர்களைக் கண்டுபிடிப்பதே பாடு. மலையேறப் போகிறவர்கள் அடுப்புக் கூட்டவோ உட்காரவோ இந்தக் கற்களைப் பெயர்க்காதீர்கள். மந்து அருகில் இருந்தால், அங்குள்ளவர்களைக் கேட்காமல் வட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள்.