வெப்பம் தாங்கும் பிளாட்டினத் துகள்கள்

மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்த உலோகத் துகளில், பெரும்பகுதி அணுக்கள் மேற்பரப்பிலேயே அமைந்து, அண்டை அணுக்களின் பிணைப்பைப் போதிய அளவு பெறாததால், 1064 பாகை செல்சியசில் உருகும் தங்கம்கூடப் பல நூறு பாகை குறைவான வெப்பத்திலேயே உருகிவிடுகிறது. வினையூக்கியாகப் பயன்படும், அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் பிளாட்டினத் துகள்களோ, உருகும் முன்பே ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து, வினை நிகழும் மேற்பரப்பை இழக்கின்றன. 2009இல் அமெரிக்காவின் பெர்க்லியில் காபர் சொமோர்ஜாய் குழுவினர் கண்ட தீர்வு மிக நேர்த்தியானது: சோப்பு போன்ற மூலக்கூறுகள் சூழ்ந்த துகள் ஒவ்வொன்றையும் சிலிக்கா ஓட்டுக்குள் பொதித்து, பின்னர் அம்மூலக்கூறுகளைச் சுட்டெரித்தபோது, அவை இருந்த இடங்கள் நுண்துளைகளாயின. அத்துளைகளின் வழியே வாயுக்கள் உலோகத்தைத் தொட முடிந்தது. துகள்களை ஓடு பிரித்தே வைத்ததால், காற்றில் 750 பாகை வரை சூடாக்கியும் அவை குலையவில்லை.