கம்ப்யூட்டரின் மூளை மாறுமா?

புதிய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டி இருக்கிறது. அதன் மூளை "எக்ஸ் 86" வகையா, "ஆர்ம்" வகையா?

கம்ப்யூட்டரின் மூளை என்பது ஒரு சிறிய சிப். கட்டளைகளைப் படித்து வேலை செய்வது அதுதான். ஆனால், ஒரு வகைச் சிப்புக்கு ஒரு பாஷைதான் புரியும். தமிழில் எழுதிய மளிகைச் சீட்டை, தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்த கடைக்காரரிடம் நீட்டினால் என்ன ஆகும்? அதே கதைதான்!

1978-ல் இன்டெல் கம்பெனி 8086 என்ற சிப்பை வெளியிட்டது. 1981-ல் ஐ.பி.எம். தனது கம்ப்யூட்டரில் அதன் தம்பியான 8088-ஐ வைத்தது. அன்று பிடித்த இடம்! விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இன்றும் அந்தப் பரம்பரைதான்.

மின்சாரம் இல்லாமல் ஓடியது!

ஆர்ம் பிறந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ். ஏக்கார்ன் கம்பெனியில் வேலை பார்த்த சோபி வில்சனும் ஸ்டீவ் பர்பரும் அதை உருவாக்கினார்கள். மலிவான பிளாஸ்டிக் கூட்டில் அடைக்கவேண்டிய சிப் அது. சூடு ஏறினால் கூடு தாங்காது. ஆகவே மின்சாரத்தை மிகவும் குறைத்துச் செலவழிக்கும்படி அமைத்தார்கள்.

1985 ஏப்ரல் 26-ந் தேதி முதல் சிப் ஓடியது. அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பர்பர் அளந்து பார்த்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது!

பலகையில் ஒரு கோளாறு. சிப்புக்கு மின்சார இணைப்பே இல்லை. மற்றக் கம்பிகள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது!

அந்தக் குடும்பத்துச் சிப்தான் இன்று செல்போன்களில் இருக்கிறது.

ஆப்பிள் துணிந்தது

2020-ல் ஆப்பிள் கம்பெனி இன்டெல் சிப்பைக் கைவிட்டு, தானே வடிவமைத்த ஆர்ம் சிப்புக்கு மாறியது. 2023-க்குள் மாக் கம்ப்யூட்டர்கள் முழுவதும் மாறிவிட்டன. பழைய புரோகிராம்களைப் புதிய பாஷைக்கு மாற்றித்தர "ரொசெட்டா 2" என்ற துபாஷியையும் வைத்தது.

ஆப்பிளுக்கு அது முடிந்தது. வீடும் அவர்களுடையது, சமையல்காரரும் அவர்களுடையவர். விண்டோஸ் அப்படி அல்ல. அது சத்திரம்! பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர். பல ஆயிரம் பேர் எழுதிய புரோகிராம்.

2012-ல் மைக்ரோசாப்ட் ஆர்ம் சிப்புடன் "சர்பேஸ் ஆர்.டி." என்ற கருவியை விற்றது. பழைய விண்டோஸ் புரோகிராம்கள் அதில் ஓடவில்லை. சரக்கு தேங்கியது. மறு வருஷம் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள்.

இன்டெலே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டது. 2001-ல் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக "இட்டானியம்" என்ற புதுப் பாஷைச் சிப்பைக் கொண்டுவந்தது. எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. 2003-ல் போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. பழைய பாஷையையே விரிவாக்கியது. மறு வருஷம் இன்டெலும் அந்த வழிக்கே வந்தது!

கீரியும் பாம்பும்

2024 ஜூனில் குவால்காமின் ஆர்ம் சிப்புடன் புதிய விண்டோஸ் மடிக் கம்ப்யூட்டர்கள் வந்தன. இந்தத் தடவை துபாஷி உண்டு. பழைய புரோகிராம்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன.

இன்டெல் சும்மா இருக்குமா? அதே ஆண்டு செப்டம்பரில், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் எக்ஸ் 86 சிப்பை வெளியிட்டது. சிக்கனம் பாஷையில் மட்டும் இல்லை என்று காட்டிவிட்டது. அக்டோபரில், கீரியும் பாம்புமாக இருந்த இன்டெலும் ஏ.எம்.டி.யும், பழைய பாஷையைக் காப்பாற்ற ஒரு குழு அமைத்தன.

ஆகவே, மடிக் கம்ப்யூட்டர்களில் ஆர்ம் மெள்ள இடம் பிடிக்கும். கடையில் பில் போடும் மேஜைக் கம்ப்யூட்டரை அது சீக்கிரம் அசைக்காது. பிரிண்டர், ஸ்கானர் போன்றவற்றை இயக்கும் "டிரைவர்" புரோகிராமுக்குத் துபாஷி உதவமாட்டான். அது ஆர்ம் பாஷையிலேயே இருக்கவேண்டும். பழைய பிரிண்டருக்கு அது உண்டா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மாக் வைத்திருப்பவர்களுக்கும் கெடு வந்துவிட்டது. ரொசெட்டா 2 முழு அளவில் மாக் ஓ.எஸ். 27 வரைதான் இருக்கும் என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. அதன் பிறகு, சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் துபாஷி இருப்பான்.