தேவபக்தியும் நாளாந்தப் பயிற்சியும்

கிளிநொச்சிக்குத் தென்மேற்கே அக்கராயன் குளத்தை நம்பி வயல் செய்யும் மக்கள் நன்கறிந்த உண்மையொன்று உண்டு. மாரி மழையை மனிதன் உண்டாக்குவதில்லை. ஆயினும், குளக்கட்டைப் பேணாமலும், துருசைப் பழுதுபார்க்காமலும், வாய்க்காலைத் துப்புரவு செய்யாமலும் விட்டால் பெய்த மழை வயலை வந்தடைவதில்லை. கிறிஸ்தவ வாழ்வில் தேவபக்தி வளரும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே. அருள் இறைவனுடையது, அதை ஏற்பதற்கு உள்ளத்தைச் செப்பனிடும் முயற்சி மனிதனுடையது.

பக்தி என்றவுடன் திருநாட்களிற் பொங்கியெழும் உணர்ச்சியையே பலர் எண்ணுகின்றனர். பவுல் அடியார் அவ்வாறு கருதினாரல்லர். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், பக்தியிற் பழகுமாறு கூறும் இடத்தில், அவர் கையாளும் கிரேக்கச் சொல் உடற்பயிற்சிக் களத்துக்குரியது. மல்லன் ஒரே நாளில் உருவாவதில்லை. செபம், வேதவாசிப்பு, மௌனம், உபவாசம் ஆகியவை இப்பயிற்சியின் அங்கங்கள் என்பதை நேயர்கள் அறிவர். அவற்றின் பயன் பிறரோடு பழகும்போதே வெளிப்படும் என்பதுதான் எளிதில் மறக்கப்படுவது.

இதற்குத் தமிழகத்தில் ஒரு சிறந்த சான்று உண்டு. 1921இல் வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆச்சிரமம் நிறுவப்பட்டது. அதனை நிறுவியவர்கள் இரு மருத்துவர்கள்: ஒருவர் சவரிராயன் யேசுதாசன், மற்றவர் செல்வம் மிக்க ஸ்கொத்தியக் குடும்பத்தில் வந்த ஏர்னஸ்ற் போறெஸ்ரர் பேற்றன். இருவரும் மணஞ்செய்யாது, கதராடை உடுத்து, எளிய உணவுண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் செய்தனர். அவர்களுடைய செபாலயம் திராவிடக் கோயிற் பாணியிற் கோபுரத்தோடு எழுந்தது.

ஆயினும், கதரையும் கோபுரத்தையும் விட நினைக்கத்தக்கது வேறொன்று. ஆச்சிரமத்தில் யேசுதாசன் 'பெரியண்ணன்' என்றும், பேற்றன் 'சின்னண்ணன்' என்றும் அழைக்கப்பட்டனர். வயதின்படி அது முறையே. ஆனால் அக்காலம் வெள்ளையர் ஆட்சிக்காலம். மிஷன் நிலையங்களிலும் தலைமை பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. ஆளும் இனத்தவர் ஒருவர் இந்தியர் ஒருவருக்குத் தம்பியாய் ஆண்டுக்கணக்கில் வாழ்வது, நாற்பது நாள் உபவாசத்தினும் கடினமானதாகவே இருந்திருக்கும். 1932இல் சென்னையிற் காவலர் பேற்றனைத் தடியால் அடித்தனர். கதருடுத்தமைக்கு அவர் கொடுத்த விலை அது.

ஆச்சிரம வாழ்வு உலகை விட்டு ஒதுங்குவதாகும் என்னும் குறை சொல்லப்படுவதுண்டு. கதவைச் சாத்திக்கொண்டு தம் ஆன்மாவை மட்டும் பேணுவோர்க்கு அது பொருந்தும். திருப்பத்தூரிலோ செபம் முடிந்தபின் நோயாளர் காத்திருந்தனர். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1939இல் தோன்றிய கிறிஸ்து சேவா ஆச்சிரமமும் தன் பெயரிலேயே சேவையைக் கொண்டுள்ளது.

எல்லாரும் ஆச்சிரமம் புக வேண்டுவதில்லை. கமக்காரனுக்கு விடியற்காலையிற் கிடைப்பது அரைமணி நேரமே. அவ்வரைமணியில் அவன் அயலானுக்காகச் செபித்துவிட்டு, பகலில் அதே அயலானின் வயலுக்குச் செல்லும் நீரை மறித்தால், காலையிற் செய்த பயிற்சி எங்கே போயிற்று? முறைத்தண்ணீரை முறைப்படி விடுவது சிறு செயல்தான். நீர் குறைந்த சிறுபோகத்தில் அதன் கடினம் செய்பவனுக்கே தெரியும்.